முட்டுக்கட்டையும் நெடும்பேச்சும்: ஒரு சொல்லின் வரலாறு

நம் கோலார் தங்க வயலில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஏதாவதொரு போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புத்தகங்களில் அரசியல் பாடத்தில் வரும் ஒரு சொல் ‘ஃபிலிபஸ்டர்’. “இதுக்குத் தமிழ்ல என்ன?” என்று என் பேத்தி கேட்டாள். அகராதிகளைப் புரட்டினேன். ‘சட்டமியற்றலைத் தடைப்படுத்துதல்’ என்ற பொருள்பட நீட்டி எழுதத்தான் முடிகிறது. வாயில் புரளும் ஒற்றைச் சொல்லாக எதுவும் நிலைபெறவில்லை. ஒரு பொருளுக்குச் சொல் இல்லை என்றால், அந்தப் பொருள் நம்மிடம் இல்லையா, அல்லது வேறு பெயரில் நம்மிடையே உலவுகிறதா? இக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு மசோதாவையோ தீர்மானத்தையோ வாக்கெடுப்புக்கு வரவிடாமல், அவை விதிகளுக்குள் நின்றுகொண்டே, பேசிப் பேசியே நேரத்தைத் தின்றுவிடுவதுதான் ஃபிலிபஸ்டர். மேசையைத் தட்டுவதும், காகிதத்தைக் கிழித்து எறிவதும், அவைத்தலைவர் இருக்கைக்கு முன்னால் போய்க் கூச்சலிடுவதும் அதில் சேராது. அவை அமளி. ஃபிலிபஸ்டர் செய்பவர் விதியை மீறுவதில்லை. விதியையே கயிறாகத் திரித்து அவையைக் கட்டிப்போடுகிறார்.

கொள்ளைக்காரன் சொல் அவைக்கு வந்த கதை

இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. டச்சு மொழியில் கடற்கொள்ளையனைக் குறித்த ‘விரைபௌட்டர்’ என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் ‘ஃபிலிபஸ்தேரோ’ ஆனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தனிப்படை திரட்டிக்கொண்டு மத்திய அமெரிக்க நாடுகளைப் பிடிக்கப் போன அமெரிக்கர்களை இப்பெயரால் அழைத்தார்கள். அவர்களில் பேர்போனவர் வில்லியம் வாக்கர். 1856இல் நிகராகுவாவின் அதிபராகத் தன்னையே ஆக்கிக்கொண்டவர். 1860இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரான் நாட்டைப் பிடித்துக்கொள்பவனுக்கு வைத்த பெயர், அதே காலத்தில் அவை நேரத்தைப் பிடித்துக்கொண்டு விடாதவருக்கும் ஆகிவந்தது.

சொல் புதிது, செயல் பழையது. பண்டைய ரோமாபுரியில் பொழுது சாய்ந்தால் செனட் கலைய வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருந்த இளைய கேட்டோ, தமக்குப் பிடிக்காத தீர்மானம் வந்தால் அந்தி சாயும்வரை பேசுவார். ஜூலியஸ் சீசர் கோபம் பொறுக்காமல் அவரைச் சிறைக்கு இழுத்துப்போகச் சொன்ன செய்தியும் வரலாற்றில் உண்டு.

அமெரிக்க செனட்டில் 1917 வரை பேச்சை நிறுத்த விதியே கிடையாது. அந்த ஆண்டில்தான் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி வந்தது. 1975இல் அது ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 100 பேரில் 60 ஆகக் குறைந்தது. 1957இல் கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் 24 மணி 18 நிமிடம் ஒரே மூச்சில் பேசினார். மசோதா நின்றுவிடவில்லை. 1964இல் அதைவிட வலுவான உரிமைச் சட்டம் வந்தபோது தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் அவையை இழுத்துப் பிடித்தார்கள். கடைசியில் ஜூன் 10ஆம் தேதி 71க்கு 29 என்ற கணக்கில் பேச்சு நிறுத்தப்பட்டு, சட்டம் நிறைவேறியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற தர்மண்டின் நேரத்தை 2025 ஏப்ரல் 1ஆம் தேதி கோரி புக்கர் தாண்டினார்; அவரே ஒரு கறுப்பினத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் பேசியது 25 மணி 5 நிமிடம். ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுத்துப் பேசவில்லை. ஆட்சியைக் கண்டித்துப் பேசினார். எனவே கறாராகச் சொன்னால் அது ஃபிலிபஸ்டர் ஆகாது. நீளமாகப் பேசுவதெல்லாம் தடை அல்ல. தடுக்கப் பேசுவதே தடை.

அயர்லாந்துக்காரர்கள் செய்தது

நம் நாட்டு அவை விதிகள் லண்டனிலிருந்து வந்தவை. அந்த விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் அயர்லாந்துக்காரர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1870களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் எப்போதும் சிறுபான்மை. எவ்வளவு நியாயம் பேசினாலும் வாக்கெடுப்பில் தோல்விதான். ஜோசப் பிகர், சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் ஆகிய இருவரும் புதுவழி கண்டார்கள். எங்கள் குறையைக் கேட்க உங்களுக்கு நேரமில்லை என்றால், உங்கள் வேலைக்கும் நேரமிருக்காது என்பதே அந்த வழி.

1881இல் அயர்லாந்தில் விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் வைக்க வகைசெய்யும் மசோதா வந்தது. அதை எதிர்த்து ஜனவரி 31ஆம் தேதி தொடங்கிய அமர்வு பிப்ரவரி 2 காலைவரை 41 மணி நேரம் நீண்டது. சபாநாயகர் ஹென்றி பிராண்ட், அதுவரை எந்த விதியிலும் இல்லாத அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு விவாதத்தை முடித்துவைத்தார். அதன் பிறகுதான் ‘விவாதத்தை முடிக்கும் தீர்மானம்’ என்ற ஏற்பாடு விதிப்புத்தகத்தில் ஏறியது. ஒரு சிறுபான்மையின் பிடிவாதம் பேரரசின் நாடாளுமன்ற விதியையே மாற்ற வைத்தது. ஆனால் மாறிய விதி சிறுபான்மைக்கு எதிராகவே மாறியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்தப் பாடம் படித்தவர்கள் வகுத்த விதிகளே நமக்கு வந்து சேர்ந்தன. நம் அவைகளில் எந்தப் பொருளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே வகுக்கிறது. கட்சிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. மணியடித்தால் உட்கார வேண்டும். நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கைகளில் மிஞ்சியவற்றைக் கடைசி நாளில் விவாதமில்லாமலே ஒட்டுமொத்தமாக நிறைவேற்றிவிடும் ‘கில்லட்டின்’ வேறு இருக்கிறது. ஆகவே தனியொரு உறுப்பினர் விடிய விடியப் பேசி மசோதாவைத் தடுப்பது இங்கே ஏறக்குறைய ஆகாத காரியம். பேச வழியில்லாத இடத்தில் கூச்சல் வளர்ந்தது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி விவகாரத்தில் ஏறக்குறைய முழுவதும் அமளியிலேயே போனது நினைவிருக்கலாம்.

அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா

அப்படியானால் இந்தியாவில் இழுத்தடிப்பு நடக்கவே இல்லையா? நடந்தது, அதுவும் குடியரசின் தொடக்கத்திலேயே. சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1948இல் முன்னெடுத்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, மகளுக்குச் சொத்தில் பங்கு, மணவிலக்கு, ஒருதார மணம் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. பெரும்பான்மைக் கட்சியின் அரசு கொண்டுவந்த மசோதாதான். பிரதமர் நேருவும் ஆதரவாளர்தான். ஆனாலும் அது நகரவில்லை. ஒரு கூட்டத்தொடரில் சில நாள், அடுத்ததில் சில நாள், பிறகு நேரமில்லை என்று ஒத்திவைப்பு. மறுபடி எடுத்தால் ஒரு பிரிவுக்கே நாள்கணக்கில் பேச்சு. 1951 செப்டம்பரில் நான்கு பிரிவுகள் மட்டும் தாண்டிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது. அம்மாதம் 27ஆம் தேதி அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அக்டோபர் 10ஆம் தேதி விளக்கம் சொல்ல எழுந்தபோது, உரையின் படியை முன்கூட்டியே தரவில்லை என்று துணை சபாநாயகர் தடுக்க, அவர் அவையை விட்டு வெளியேறினார். மசோதாவை எதிர்த்தவர்களுக்கு நாள்கணக்கில் நேரம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவருக்கோ, போகும்போது பேச அந்த நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கவில்லை!

பிறகு அந்த மசோதா 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளில் நான்கு தனித்தனிச் சட்டங்களாக, நீர்த்த வடிவில் வந்தது. குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாம் வாழும் கர்நாடகத்தில் 1994இலும், நாடு முழுவதற்கும் 2005இலும்தான் கிடைத்தது. 1951இல் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணுக்கு இந்த ஆண்டுக்கணக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். தாமதம் என்பது வெறும் நாள்காட்டித் தாள் அல்ல. யாரோ ஒருவருடைய ஆயுள்.

பின்னாளிலும் இதே சாயல் உண்டு. 2011 டிசம்பர் 29ஆம் தேதி மாநிலங்களவையில் லோக்பால் மசோதா மீதான விவாதம் நள்ளிரவைத் தொட்டது. 187 திருத்தங்கள் குவிந்திருந்தன. ஒரு உறுப்பினர் மசோதாவின் படியைக் கிழித்தார். வாக்கெடுப்பு நடக்காமலே அவை கலைந்தது. சட்டம் நிறைவேற 2013 டிசம்பர் ஆயிற்று.

2019 ஜூலை: நம் மாவட்டத்தார் மூவர்

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பெங்களூரு விதான சௌதாவில் 2019 ஜூலையில் நடந்தது. எச்.டி. குமாரசாமி தலைமையிலான மஜத - காங்கிரஸ் கூட்டணி அரசின் உறுப்பினர்கள் பலர் பதவி விலகல் கடிதம் கொடுத்து மும்பைக்குப் போய்விட்டார்கள். அமைச்சராக இருந்த முல்பாகல் சுயேச்சை உறுப்பினர் எச். நாகேஷும் ஆதரவை விலக்கிக்கொண்டார். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் சீனிவாசபுரம் உறுப்பினர் கே.ஆர். ரமேஷ் குமார். ஆளும் வரிசையில் நம் தங்க வயல் தொகுதியின் எம். ரூபகலா. மூவரும் கோலார் மாவட்டத்துத் தொகுதிகளின் பிரதிநிதிகள்!

ஜூலை 18, வியாழக்கிழமை முதல்வர் நம்பிக்கைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். வழக்கமாக ஒரே நாளில் முடியும் வேலை. ஆனால் பதவி விலகியவர்களை அவைக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் முந்தைய நாள் சொல்லியிருந்தது. அப்படியானால் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு என்ன மதிப்பு என்று சித்தராமையா ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதன் பின்னே பேச்சு நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போனது. வாக்கெடுப்பு வேண்டும் என்று பாஜக உறுப்பினர்கள் அன்றிரவு அவையிலேயே படுத்துத் தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை பகல் 1.30 மணிக்குள் முடிக்கச் சொல்லி ஆளுநர் வஜுபாய் வாலா எழுதினார். அந்தக் கெடு தாண்டியது. அன்றைக்குள் முடிக்கச் சொன்னார், அதுவும் தாண்டியது. திங்கட்கிழமை கிட்டத்தட்ட நள்ளிரவுவரை ஓடியது. செவ்வாய், ஜூலை 23 மாலையில்தான் வாக்கெடுப்பு. ஆதரவு 99, எதிர்ப்பு 105. அரசு கவிழ்ந்தது.

இதில் ஒரு வினோதம் உண்டு. உலகெங்கும் நேரத்தை இழுப்பவர் எதிர்க்கட்சியார், அவசரப்படுபவர் ஆட்சியாளர். இங்கே தலைகீழ். ஆளும் தரப்பு பேசிக்கொண்டே இருந்தது. எடியூரப்பாவின் எதிர்த்தரப்போ, நாம் பேசினால் அவர்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கும் என்று பெரும்பாலும் வாய்மூடி உட்கார்ந்திருந்தது. மௌனம் அன்றைக்கு ஓர் எதிராயுதம் ஆயிற்று.

அந்த வாரம் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் காலை ரயிலில் நானும் போய்வந்துகொண்டிருந்தேன். பெட்டி முழுக்கக் கைப்பேசியில் அதே நேரலைதான். “என்னப்பா, இன்னுமா பேசுறாங்க?” என்பார் ஒருவர். “ஜவ்வு மாதிரி இழுக்கிறாங்கண்ணே” என்பார் இன்னொருவர். கன்னடத்தில் சொன்னவர் ‘காலஹரண’ என்றார். ஆங்கிலப் பத்திரிகை தேடிய ‘ஃபிலிபஸ்டர்’ அந்தப் பெட்டியில் யாருக்கும் தேவைப்படவில்லை. சொல் இல்லை என்று நான் அகராதியில் தேடியது, மக்கள் வாயில் இழுத்தடிப்பு, காலஹரண, ஜவ்வு என்று மூன்று வடிவில் புழங்கிக்கொண்டிருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 18ஆம் தேதி சென்னையில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது, உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய் மக்களைப் பார்த்து வர அவகாசம் கொடுங்கள், இல்லாவிட்டால் இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. சபாநாயகர் மறுத்தார். அமளி நடந்தது, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 122க்கு 11 என்று ஒரே நாளில் முடிந்தது. ஒரு தலைநகரில் தாமதம் ஆயுதம். இன்னொரு தலைநகரில் அவசரம் ஆயுதம். இரண்டு இடத்திலும் கடிகாரம் சபாநாயகர் கையில்தான் இருந்தது.

முட்டுக்கட்டை என்னும் தமிழ்ச்சொல்

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகைகள் இத்தகைய இடங்களில் ‘முட்டுக்கட்டை’ என்று எழுதுகின்றன. நல்ல சொல். தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஓடிவரும் தேரின் சக்கரத்துக்கடியில் மரக்கட்டையைச் செருகுவார்கள். தேரை நிறுத்தவும் அது வேண்டும். தெருமுனையில் தேரைத் திருப்பவும் அது வேண்டும். முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் தேர் வீட்டுச் சுவரில் மோதும். ஆகவே முட்டுக்கட்டை தேருக்குப் பகை அன்று. தேரோட்டத்தில் அதுவும் ஓர் உறுப்பு. ‘முட்டு’ என்றால் தாங்கலும்கூட. நம் பெரியவர்கள் சுரங்கத்தில் மேற்பாறை சரியாமல் மரம் நிறுத்தித் தாங்கினார்களே, அதுவும் முட்டுத்தான். தடுப்பதும் தாங்குவதும் ஒரே சொல்லில் இருப்பது தமிழின் நயம் மட்டுமல்ல, அறிவும் ஆகும்.

இந்த உவமையை வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன வரலாறுகளை எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கட்டையைப் போடுபவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் அது. 1881இல் அயர்லாந்துக்காரர்கள் சக்கரத்தின் முன்னால் நின்றவர்கள். ஓடவிட்டிருந்தால் தேர் அவர்கள்மேல் ஏறும். அவர்கள் போட்டது தற்காப்பு. 1957இல் தர்மண்டும், 1951இல் அம்பேத்கரின் மசோதாவை இழுத்தடித்தவர்களும் தேரின் மேலே உட்கார்ந்திருந்தவர்கள்; கீழே வடம் பிடித்து நின்றவர்கள் வரக்கூடாது என்று கட்டை போட்டார்கள். இருவரும் தங்களைச் சிறுபான்மை என்றே சொல்லிக்கொள்ளலாம். அவையில் எண்ணிக்கை குறைவு என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவைக்கு வெளியே யார் காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

நமக்கு ஏன் இது முக்கியம்

வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பிழைக்க வந்த நம் முன்னோர், அவைக்கு அனுப்பும் உரிமை பெற்றது 224இல் ஒரே ஒரு உறுப்பினரை. கம்யூனிஸ்டு, குடியரசுக் கட்சி, அதிமுக என்று தமிழ்நாட்டு நிறமும் தொழிற்சங்க நிறமும் கலந்த உறுப்பினர்களை இத்தொகுதி பலமுறை தேர்ந்தெடுத்தது. ஒற்றை உறுப்பினருக்கு எண்ணிக்கை ஆயுதமாகாது; பேச்சு மட்டுமே ஆயுதம். அரசியல் சட்டத்தின் 210ஆவது பிரிவு, மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரிவரப் பேச இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது. அனுமதிக்கலாம் என்றுதான் சொல்கிறது. அனுமதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே அவையில் பேசும் நேரத்தைச் சுருக்கும் எந்த விதியும் நம் போன்றவர்களை முதலில் தொடும். பெரும்பான்மை அவசரப்படும்போது “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லும் உரிமை நமக்கு வேண்டும். இழுத்தடிப்பை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்பவர்களோடு என்னால் சேர முடியாததற்கு இதுவே காரணம்.

அதேசமயம் தாமதத்தின் வலி நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் எதிர்காலம் பற்றி அரசு, நீதிமன்றம், டெண்டர் என்று பேச்சு நடந்து, உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது 2013 ஜூலையில். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் லைன் வீடுகளில் எத்தனை பேர் மூப்படைந்தார்கள், எத்தனை பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்! சயனைடு மேட்டுத் தூசி காற்றடிக்கும் போதெல்லாம் வீட்டுக்குள் வந்து படிந்தது. அதற்கு எந்த அவையிலும் எவரும் 24 மணி நேரம் நின்று பேசவில்லை. கோப்பு நகராமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவையில் நடக்கும் நெடும்பேச்சுக்கு ஒரு நேர்மை உண்டு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். யார் தடுத்தார், எத்தனை மணி நேரம் பேசினார், என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் அவைக் குறிப்பில் ஏறுகிறது. அடுத்த தேர்தலில் கேட்கலாம். 2019இல் ஆறு நாள் நடந்ததை நாடே பார்த்தது. பதவி விலகியவர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டதும், டிசம்பர் 5ஆம் தேதி இடைத்தேர்தலில் 15 தொகுதி மக்கள் தங்கள் தீர்ப்பைச் சொன்னதும் அதன் தொடர்ச்சி. ஆனால் மேசையறைக்குள் மௌனமாகப் போடப்படும் முட்டுக்கட்டைக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, குறிப்பும் இல்லை.

என் பேத்திக்கு நான் எழுதிக் கொடுத்த சொல் ‘நெடும்பேச்சு முட்டுக்கட்டை’. தேர்வில் அதற்கு மதிப்பெண் வருமோ வராதோ தெரியாது. அதோடு மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன்: கட்டை போட்டவர் தேரின் மேலே இருந்தாரா, கீழே இருந்தாரா? வெளியே காத்திருந்தவர் யார்? தேர் திரும்பிய பிறகு கட்டையை எடுத்தார்களா? செய்தித்தாளில் அவை முடக்கம் என்று படிக்கும் போதெல்லாம் நம் வீடுகளில் இந்த மூன்றையும் கேட்டுப் பழக வேண்டும். அவைக்குள் நம் குரல் ஒன்றுதான். அவைக்கு வெளியே கேள்வி கேட்கும் வாய் ஆயிரம் இருக்கிறது.